தொழிற்பயிற்சியும் தொழில்கொள்வோரும்: பிரித்தானிய அனுபவம், 1964–2017

பிரித்தானியாவிலே தொழிலாளரைப் பயிற்றுதல் நெடுங்காலமாகத் தொழில்கொள்வோரின் சொந்த விடயமாகவே கருதப்பட்டு வந்தது. ஒரு தொழிலகம் செலவேற்றுப் பயிற்ற, இன்னொன்று கூடிய கூலி காட்டி அத்தொழிலாளனைக் கவர்ந்து கொள்ளும். இக்குறையைத் தீர்க்க எழுந்ததே 1964ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பயிற்சிச் சட்டமாகும். அதன்படி துறைதோறும் அமைந்த பயிற்சிச் சபைகள் தொழிலகங்களிடம் அறவீடு பெற்று, பயிற்சியளித்தோருக்கு மானியம் வழங்கின. அச்சபைகளில் தொழில்கொள்வோரும் தொழிற்சங்கத்தினரும் சம எண்ணிக்கையில் அமர்ந்தனர். பணம் தந்தவர் முதலாளி; ஆயினும் முடிவு அவருடையது மட்டுமன்று.

சிறு தொழிலகங்கள் முறையிட்டன. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அறவீட்டைத் தளர்த்தியது. 1974இல் இயங்கத் தொடங்கிய மனிதவலுச் சேவைகள் ஆணைக்குழுவிலும் இருதரப்புக்கும் மும்மூன்று இடங்கள் இருந்தன. ஆனால் 1981க்குப் பின் பயிற்சிச் சபைகளுட் பெரும்பாலானவை மூடப்பட்டன.

முறிவு 1988 செப்டெம்பரில் நேர்ந்தது. வேலையற்ற வளர்ந்தோருக்கான புதிய பயிற்சித் திட்டத்தைத் தொழிற்சங்கக் காங்கிரஸ் புறக்கணித்தது. உதவிப் பணத்துக்கு மேற் சில பவுண் மட்டும் பெற்று உழைப்பது மலிவுக் கூலியே என்பது சங்கங்களின் வாதம். அவ்வாதம் எளிதிற் தள்ளத்தக்கதன்று. எனினும் அதற்கு அவை கொடுத்த விலை பெரிது. சில நாட்களுள், அவ்வாண்டு பெயர் மாற்றம் பெற்றிருந்த அவ்வாணைக்குழுவையே கலைப்பதாக அரசு அறிவித்தது. டிசெம்பர் வெள்ளை அறிக்கையின் வழியே, அமெரிக்க முன்மாதிரியைத் தழுவி, இங்கிலாந்திலும் வேல்சிலும் 82 பயிற்சி, தொழில்முயற்சி மன்றங்கள் தோன்றின. நெறியாளர் குழுவில் மூன்றில் இரு பங்கு தனியார் தொழில்கொள்வோருக்கு ஒதுக்கப்பட்டது. சங்கங்களுக்கு உரிமையாக ஓரிடமும் இல்லை. பணமோ பெரும்பாலும் பொதுத் திறைசேரியினுடையது!

முதலாளிமார் வென்றனர் எனத் தோன்றலாம். நடந்தது வேறு. அப்பணத்தின் பெரும்பகுதி, வேலையற்ற இளைஞர்க்கும் வளர்ந்தோர்க்கும் அரசு வாக்களித்த திட்டங்களுடன் பிணைக்கப்பட்டிருந்தது. உள்ளூர்த் தொழிலின் தேவையை வகுக்க வந்த நிறுவனத் தலைவர்கள் அரசின் வேலையின்மைத் திட்டங்களை நிருவகிப்போராயினர். பெறுபேற்றுக்கேற்பக் கொடுப்பனவு என்ற விதி வேறு சேர்ந்தது. விரைவிற் சான்றிதழ் பெறக்கூடியவரைச் சேர்ப்பது இலாபமாயிற்று. எழுத்தறிவு குன்றியோர், மாற்றுத்திறனாளர் ஆகியோரே நட்டக் கணக்கில் விழக்கூடியவர். யாருக்காகப் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டதோ அவரே சுமையாகத் தெரிந்தனர்.

2001இல் அம்மன்றங்கள் மூடப்பட்டன. 2017இல் அறவீடு மீண்டும் வந்தது: ஆண்டுச் சம்பளத் தொகை 30 இலட்சம் பவுணைக் கடந்தால், மேற்பட்ட தொகையில் 0.5 சதவீதம். இம்முறை அப்பணம் செலுத்திய நிறுவனத்தின் கணக்கிலேயே பயிலுநர் பயிற்சிக்கென வைக்கப்பட்டது. அதைப் பகிர்ந்து முடிவு செய்யச் சம இருக்கை கொண்ட சபை அமைக்கப்படவில்லை.