தேய்வும் தரமும்: பழங்காசுகளின் நிலையை மதிப்பிடுதல் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பழங்காசு ஒன்று கைக்கு வந்ததும் அது யார் வெளியிட்டது, எக்காலத்தது, எந்த உலோகத்தாலானது என்று வினவுகிறோம். அதன் நிலை எத்தகையது என்னும் வினாவைப் பெரும்பாலும் சேகரிப்போர்க்கும் வணிகர்க்கும் உரியதாக விட்டுவிடுகிறோம். ஆயினும் தேய்வு, வெட்டு, நிறமாற்றம் ஆகியவை அக்காசு கடந்துவந்த வாழ்வின் பதிவுகளாகும். சேகரிப்பாளரின் தரமுறை அவற்றைக் குறைகளாகக் கழிக்கிறது. வரலாற்றாய்வு அவற்றைச் சான்றுகளாகக் கொள்கிறது. இவ்விரு நோக்குகளையும் வேறுபடுத்தி அறியாவிடில் சான்றுகளை நம் கையாலேயே அழித்துவிட நேரும் என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விழைகிறோம்.

தமிழ் மரபில் காசு நோட்டம்

காசின் தரத்தை ஆராயும் தொழில் தமிழர்க்குப் புதிதன்று. நாணயங்களைச் சோதிப்பவரைப் பண்டைத் தமிழ் 'வண்ணக்கன்' என வழங்கியது. வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடவண்ணக்கன் தாமோதரனார் ஆகிய சங்கப் புலவர்தம் பெயர்களில் இச்சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. தென்தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் கிடைத்த சிறிய உரைகல் ஒன்றில் 'பெரும்பதன் கல்' எனத் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல், பொன்னின் மாற்றறியும் தமிழ்க் கைவினைஞர் தென்கிழக்காசியா வரை வந்தமைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் காசு குறிக்கப்படும் இடங்களில் 'வாசிபடாத', 'அன்றாடு நற்காசு' போன்ற சொற்கள் வருகின்றன. 'அன்றாடு' என்பது அந்நாளில் வழங்கிய காசைக் குறிக்கும். 'வாசி' என்பது மதிப்பில் கழிக்கப்படும் வட்டத்தைக் குறிக்கும். எனவே, கழிவுக்கு இடந்தராத நல்ல காசே ஏற்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. இங்குத் தரம் என்பது உலோகத்தின் மாற்றையும் எடையையும் சார்ந்ததே. உருவத்தின் அழகைச் சார்ந்ததன்று.

இன்றைய தர அளவுகோல்

சேகரிப்பாளரின் அளவுகோல் பிற்காலத்தது. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் தம் நாட்டின் தொடக்ககாலச் செப்புச் சென்ட் காசுகளுக்கென 1 முதல் 70 வரையிலான தர எண்களை வகுத்தார். தர எண்ணுக்கும் விலைக்கும் நேர்த்தொடர்பு காண்பதே அவர்தம் நோக்கம். பின்னர் அம்முறை ஏனைய காசுகளுக்கும் விரிவுபெற்றது. இன்று 60 முதல் 70 வரையிலான எண்கள் புழக்கத்தால் தேயாத காசுகளுக்கு வழங்கப்படுகின்றன. 1980களில் எழுந்த தனியார் தரச்சான்று நிறுவனங்கள் காசை ஒளிபுகும் பேழையில் அடைத்து எண்ணிட்டு வழங்கும் வழக்கத்தைப் பரப்பின.

இம்முறையிலிருந்து ஆய்வாளர் கற்றுக்கொள்ள வேண்டிய நுட்பமும் உண்டு. காசைச் சாய்வான ஒளியில் திருப்பிப் பார்த்தால், மேடான பகுதிகளே முதலில் தேய்வதைக் காணலாம். புழக்கத்தால் தேய்ந்த இடம் வழவழப்பாக இருக்கும். அச்சு சரியாகப் பதியாத இடத்தில் வில்லையின் பழைய மேற்பரப்பு எஞ்சியிருக்கும். 'ஸ்ரீராஜராஜ' என நாகரி எழுத்துப் பொறித்த சோழர் செப்புக்காசில் சில எழுத்துகள் விளிம்புக்கு வெளியே போயிருந்தால், அது கையால் அடித்த முறையின் விளைவேயன்றித் தேய்வன்று. இவ்வேறுபாட்டை அறியாதார் புதிய காசையும் பழகித் தேய்ந்ததாகப் பிழைபட உணர்வர்.

குறையே சான்றாதல்

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் வெளிப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமீது உளியால் வெட்டிய தடம் காணப்படுகிறது. தரமுறைப்படி நோக்கின் அவை சேதமுற்ற காசுகள். ஆனால் அவ்வெட்டுகள், தேய்ந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்குவதற்கு இடப்பட்டவை என்பது அறிஞர் சிலர் கருத்து. அயலரசின் உருவத்தைச் செல்லாததாக்க இடப்பட்டவை என்பாரும் உளர். எக்கருத்தை ஏற்பினும், அந்நியப் பொன்னைத் தமிழகத்தார் எவ்வாறு கையாண்டனர் என்னும் வினாவை எழுப்புவது அவ்வெட்டுத் தடமே. சீனத்திலும் தென்கிழக்காசியாவிலும் வழங்கிய ஸ்பானிய வெள்ளி டாலர்களில் காணப்படும் சீன வணிகர்தம் சிறு முத்திரைகளும் இத்தகையனவே. அவை ஒவ்வொன்றும் காசு ஒருவர் கையில் சோதிக்கப்பட்டதைக் காட்டுகின்றன.

புதையலில் தேய்வின் அளவு காலக்கணிப்புக்கும் துணைபுரிகிறது. நெடுநாள் புழங்கியவை மிகுதியாகத் தேய்ந்திருக்க, புதைப்பதற்குச் சற்று முன் வெளியானவை பெரும்பாலும் கூர்மை குன்றாதிருக்கும். அழகியவற்றை மட்டும் பிரித்து விற்றுவிட்டால் இவ்வொப்பீட்டுக்கு வழியில்லாமற் போகும்.

கல்விக்கூடங்களுக்குரிய நெறி

பள்ளிக் கண்காட்சிகளுக்கெனச் செப்புக்காசுகளைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். புளியின் அமிலம் செம்பின்மேல் படிந்த பச்சைப் படலத்தைக் கரைக்கிறது, மெலிந்த எழுத்துகள் பலவேளை அப்படலத்திலேயே தங்கியிருப்பதால் அவையும் உடன் மறைகின்றன, எடையும் குறைகிறது. சேகரிப்பாளர்தம் மதிப்பீட்டிலும் இவ்வாறு துலக்கப்பட்ட காசு தரம் தாழ்கிறது. இரு நோக்குகளும் ஒன்றுபடும் இடம் இதுவே.

இதற்கு மாற்றாக, காசின் எடை, விட்டம், இருபுற நிழற்படம், கிடைத்த இடம் ஆகியவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். தேய்வையும் வெட்டையும் ஓர் எண்ணால் சுருக்காமல், எந்தப் பகுதியில் எவ்வளவு என்று சொற்களால் விவரித்தல் நன்று. மாணவர் இவ்விவரிப்பைப் பழகினால் உற்றுநோக்கும் திறனும் கலைச்சொல்லறிவும் ஒருங்கே வளரும்.

முடிவுரை

வண்ணக்கர் மாற்றையும் எடையையும் பார்த்தனர். இன்றைய சேகரிப்பாளர் அழகையும் அருமையையும் பார்க்கின்றனர். வரலாற்றாய்வாளர் பார்க்க வேண்டியது, அக்காசு எத்தனை கைகளில் புழங்கியது, அக்கைகள் அதற்கு என்ன செய்தன என்பதையே. தர எண் தாழ்ந்தது என்பதற்காகக் காசொன்றை ஒதுக்கிவிடாமல், அதன் தேய்வையும் படிக்கப் பழகுவோமானால் நம் கல்விக்கூடங்களின் பெட்டிகளில் உறங்கும் எளிய செப்புக்காசுகளும் ஆய்வுக்குரிய ஆவணங்களாகும் என்பது நம் துணிபு.