வளையத்தின் பயன் எங்கே? கோடியக்கரையும் வலசைச் சிறுபறவைகளும்

வலசைப் பறவைகள் என்றதும் காஞ்சிபுரம் வட்டாரத்தாருக்கு வேடந்தாங்கலும் கரிக்கிலியும் நினைவுக்கு வரும். அங்கே கூடும் நாரைகளையும் கொக்குகளையும் கரையில் நின்றே எண்ணிவிடலாம். புள்ளலூர் போன்ற ஊர்களின் ஏரிக்கரைப் புதர்களையும் தோப்புகளையும் நாடிவரும் கதிர்க்குருவி முதலிய சிறுபறவைகளை அப்படி எண்ண முடியாது. அவை இலைமறைவில் இரை தேடுபவை. பெரும்பாலும் இரவில் பயணம் செய்பவை. இவற்றை அறிய, வலையில் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையமிட்டு விடுவதே உறுதியான வழி.

இந்தியாவில் இப்பணி பெரிய அளவில் தொடங்கியது 1959இல். கியாசனூர் காட்டுக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகளை வலசைப் பறவைகள் சுமந்து வருகின்றனவா என்ற ஐயத்தை ஒட்டி, உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு, சாலிம் அலி வழிகாட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இதை மேற்கொண்டது. பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தாரின் பரம்பரைப் பறவைபிடி அறிவு இதற்குத் துணைநின்றது. பின்னாளில் கோடியக்கரை அக்கழகத்தின் முக்கிய வளையமிடும் களமாயிற்று.

இடத்தின் அமைப்பே அதன் சிறப்புக்குக் காரணம். இலங்கை நோக்கித் தெற்கே வரும் பறவைகளுக்கு இங்கே நிலம் முடிந்து பாக் நீரிணை தொடங்குகிறது. கடலோர உலர் பசுமைமாறாக் காடு அவற்றுக்கு இரையும் மறைவும் தருகிறது. கிழக்காசியாவில் இனப்பெருக்கம் செய்யும் கொடிக்கால் வாலாட்டியும், இமயமலை அடிவாரத்திலிருந்து வரும் ஆறுமணிக்குருவியும் புரட்டாசி, ஐப்பசியில் இங்கே காணப்படுபவை.

வளையமிட்ட சிறுபறவைகளுள் வேறிடத்தில் மீண்டும் கிடைப்பவை மிகச் சில. ஆகவே இது வீண் உழைப்பு என்று சிலர் வாதிடுவர். வளையத்தின் பயனைத் தொலைவிலிருந்து வரும் செய்தியில் மட்டுமே தேடுவதால் எழும் வாதம் இது. பிடித்த பறவையின் எடை, சிறகு நீளம், தோலடிக் கொழுப்பு, இறகுதிர்ப்பு, வயது ஆகியவை அன்றே பதிவாகின்றன. அதே எண்ணுள்ள பறவை சில நாளில் அதே வலையில் மீண்டும் சிக்கி, எடையும் கூடியிருந்தால், அக்காடு அதற்கு உணவளித்திருக்கிறது என்று பொருள். எடை குறைந்திருந்தால் வாழிடத்தை ஐயுற வேண்டும். சீமைக் கருவேலம் பரவியுள்ள கோடியக்கரையில் இக்கேள்விக்கு உடனடித் தேவை உண்டு.

ஒரு நிபந்தனையும் உண்டு. கடலோரத்தில் இளம்பறவைகளே மிகுதியாகச் சிக்குவது பல நாடுகளில் அறியப்பட்ட போக்கு. எனவே ஓராண்டின் எண்ணிக்கையைக் கொண்டு இனத்தின் நிலையைக் கணிப்பது தவறு. அதே இடத்தில், அதே அளவு வலைகளை, அதே நேரங்களில் ஆண்டுதோறும் விரித்தால்தான் ஒப்பீடு செல்லும். மழைமானிப் பதிவைப் போல, இடையறாத தொடர்ச்சியில்தான் இத்தரவு மதிப்புப் பெறும்.

ஆகவே இரண்டு தேவை. கோடியக்கரையில் புரட்டாசி, ஐப்பசி வளையமிடுதல் குறுகிய காலத் திட்டங்களை நம்பியிராமல் நிலையான நிதியில் நடக்க வேண்டும். உரிய அரசு அனுமதியோடும் பயிற்சி பெற்றவர்களோடும் காஞ்சிபுரத்து ஏரிப்பகுதியில் இணையான உள்நாட்டுக் களம் ஒன்று அமைய வேண்டும். கடற்கரைத் தரவை உள்நாட்டுத் தரவோடு ஒப்பிட்டாலன்றித் தமிழகத்தின் வழியே செல்லும் சிறுபறவைகளின் நிலையை மதிப்பிட முடியாது.