பெரிய மீனும் நெத்திலியும்

'கடலும் கிழவனும்' படத்தை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் ஆரம்பத்தில் ஓடும் அந்த எழுத்துக்கள் என் கண்ணில் பட்டன. கதை நடப்பது கியூபாவில். ஆனால் படத்தில் வரும் மீன்பிடிக் காட்சிகளில் சில, ஆல்பிரட் கிளாஸல் என்ற அமெரிக்கர் பெரு நாட்டில் பிடித்த மீனுடையவை என்று கண்டிருந்தது. கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு நூல் நுனி கிடைத்தால் போதாதா? அதைப் பிடித்துக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்த இடம் காபோ பிளாங்கோ.

பெருவின் வட கரையில், பூமத்திய ரேகைக்கு அருகே இருக்கும் மீனவர் கிராமம் அது. பின்னால் பாலைவனம், முன்னால் பசிபிக் சமுத்திரம். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டமும், வடக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரும் அந்தப் பக்கத்தில்தான் சந்திக்கின்றன. குளிர்ந்த நீர் அடிக்கடலின் சத்தை மேலே கொண்டுவருகிறது. அதில் நுண்ணுயிர்கள் செழிக்கின்றன. அவற்றைத் தின்ன நெத்திலி வருகிறது. நெத்திலியைத் தின்ன அதைவிடப் பெரிய மீன்கள். அவற்றைத் தின்ன, ஈட்டி போல் மூக்கு நீண்ட மார்லின். இந்தப் பந்தியில் கடைசியாக வந்து உட்கார்ந்தவன் மனிதன்.

1950-களின் தொடக்கத்தில் தனவந்தர்கள் சிலர் அங்கே மீன்பிடி சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். கடற்கரையில் விடுதி, உட்கார்ந்து தூண்டில் போட நாற்காலி பொருத்திய மோட்டார்ப் படகுகள். 1953 ஆகஸ்ட் 4-ம் தேதி கிளாஸலின் தூண்டிலில் ஒரு கருப்பு மார்லின் சிக்கியது. எடை 1,560 ராத்தல். சுமார் 708 கிலோ! தூண்டிலில் பிடித்த கருப்பு மார்லின்களில் அதை மிஞ்சியது இன்றுவரை இல்லை. 1956-ல் ஹெமிங்வேயே படக் குழுவினருடன் வந்து ஒரு மாதத்துக்கு மேல் தங்கினார்.

பிறகு மார்லின் அருகிவிட்டது. 1970-ஐ ஒட்டிச் சங்கமும் மூடப்பட்டது. இதைப் படித்ததும் என் மனம் உடனே ஒரு கதையை ஜோடித்துவிட்டது. பணக்காரர்கள் பொழுதுபோக்குக்காகக் கொன்று தீர்த்தார்கள், கடல் காலியாயிற்று. நல்ல கதைதான். ஆனால் வில்லனைத் தவறாகப் பிடித்திருந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்து, மணிக்கணக்கில் மல்லாடி, ஒரு மீனைப் பிடிக்கிறவனால் கடல் காலியாகிவிடாது. அதே காலத்தில் பெருவின் கரை நெடுகிலும் மீன்மாவு ஆலைகள் எழுந்தன. அயல்நாட்டுக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக நெத்திலியை அரைத்தார்கள். 1970-ல் மட்டும் பிடித்த நெத்திலி 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல். 1972-ல் எல் நினோ வந்து கடல் சூடேறியபோது, அந்தத் தொழிலே குப்புற விழுந்தது. மார்லின் அகன்றதற்கு நீரோட்டங்களின் மாறுதலோடு இந்தப் பேராசையையும் காரணமாகச் சொல்கிறார்கள். பெரிய மீனைத் தராசில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்களே தவிர, அதன் சாப்பாட்டுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

இன்னொரு கரையில் வேறு விதமாக நடந்தது. ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் துறைமுகத்திலிருந்து 1966-ல் ஜார்ஜ் பிரான்ஸ்போர்டு என்பவர் கடலுக்குப் போய் 1,064 ராத்தல் மார்லினுடன் திரும்பினார். அவரைத் தொடர்ந்து உலகமே அங்கே திரண்டது. ஆனால் 1975-ல் அந்தப் பவளத்திட்டுக் கடலைக் காக்கச் சட்டம் பிறந்தது. வருகிறவர்களும், பிடித்த மீனுக்கு அடையாளச் சீட்டுக் குத்தி மறுபடி கடலிலேயே விடப் பழகிக்கொண்டார்கள். கெய்ன்ஸில் இன்றும் படகுகள் புறப்படுகின்றன.

காபோ பிளாங்கோவும் அடியோடு கதை முடிந்த ஊர் அல்ல. அங்கே மீனவர்கள் இன்னும் பாய்மரம் கட்டித்தான் கடலுக்குப் போகிறார்கள். சங்கம் வருமுன்பும் போனார்கள். அது போன பின்பும் போகிறார்கள். 2024 ஏப்ரலில் அந்தக் கடல் உள்ளிட்ட பகுதியைப் பெரு அரசு தேசியக் காப்புக் கடலாக அறிவித்தது. ஐம்பது வருஷம் தாமதம்தான். ஆனாலும் விருந்தாளியை அழைக்குமுன் அடுக்களையைப் பார்க்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம். விடுதி கட்டுகிறவர்களுக்கும் அது தெரிந்திருந்தால், அந்தக் கரையில் மார்லின் இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும்.