மூடிய ஆலையின் தொழிலாளரை இணையத்தில் தேடுதல்: திருமண்டங்குடியை முன்வைத்து ஒரு மறுப்பு

ஒரு நிறுவனம் நொடித்துப்போனபின் அதில் வேலை பார்த்தவர்கள் எங்கே போனார்கள் என்று அறிய, லிங்க்ட்இன் போன்ற தளங்களில் அவர்களே எழுதிவைத்த பணிக்குறிப்புகளைத் திரட்டும் ஆய்வுமுறை பரவிவருகிறது. இதற்குச் செலவு குறைவு. நேர்காணலில் நினைவு தடுமாறும் தேதிகளும் இதில் ஓரளவு நிலைத்திருக்கும். 2009-இல் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிப்பட்டபோதும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோதும் வெளியேறியவர்களில் பெரும்பாலோர் இத்தகைய குறிப்புகளை எழுதிவைக்கும் வகுப்பினர். அங்கே இம்முறை பயன் தரும். காவிரி டெல்டாவில் ஒரு சர்க்கரை ஆலை மூடும்போது அதுவே தவறான விடையைத் தரும். கருவியை மாற்றினாலும் அந்தத் தவறு தீராது. தேடலை எங்கே தொடங்குகிறோம் என்பதிலேயே அது இருக்கிறது.

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்துத் திருமண்டங்குடியில் இயங்கிய திரு ஆரூரான் சர்க்கரை ஆலையில் அரவை நின்றது. நிறுவனம் 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின்படி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் முன் சென்றது. பின்னர் கால்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அந்த ஆலையை நம்பிப் பிழைத்தவர்கள் ஒரே தட்டினர் அல்லர். வேதியியலர், பொறியாளர், கணக்கர், கரும்பு அலுவலர் ஆகியோர் மேல்தட்டில் இருந்தனர். அவர்களுக்குக் கீழே ஃபிட்டர், பாய்லர் ஆள், எடைமேடை ஊழியர், அரவைப் பருவத்தில் மட்டும் அழைக்கப்படும் பருவத் தொழிலாளர். வயலில் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கரும்பு வெட்டியவர்களின் பெயர் ஆலையின் சம்பளப் பட்டியலிலேயே இராது. கரும்பைப் பதிவு செய்துவிட்டுக் கட்டிங் ஆர்டருக்குக் காத்திருந்த விவசாயிகள் ஊழியர்களே அல்லர். இணையத்தில் ஆலையின் பெயரைத் தேடினால் முதல் தட்டினர் சிலர் அகப்படுவார்கள். வேறொரு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ அவர்கள் மீண்டும் வேலையில் இருப்பது தெரியும். அதை வைத்து, ஆலை மூடியதன் பாதிப்பு விரைவில் ஆறியது என்று எழுதிவிட முடியும். மிகக் கொடிய பிழை அதுவே.

குறைவாக அகப்படும் தட்டினருக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சரிசெய்யலாமே என்று புள்ளியியலார் கேட்பார்கள். பத்துப் பேரில் ஒருவராவது அகப்பட்டால் அவரைப் பத்துப் பேருக்கு நிகராகக் கொள்ளலாம். ஒருவருமே அகப்படாத தட்டுக்கு எந்த எடை கொடுத்தாலும் விடை சுழியம்தான். கைபேசி எல்லார் கையிலும் வந்துவிட்டது, காலப்போக்கில் இக்குறை நீங்கும் என்பது இன்னொரு மறுப்பு. ஆனால் பணிக்குறிப்பை எழுதத் தூண்டுவது, அதைப் பார்த்து வேலை தரும் முதலாளி. பாய்லர் ஆள் அடுத்த ஆலைக்குப் போவது தெரிந்த மேற்பார்வையாளரின் ஒரு வார்த்தையால்; கைபேசி இருந்தும் குறிப்பு எழுத அவருக்குத் தேவை எழவில்லை. எழுதியவர்களின் குறிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. வேலை போனவர் பழைய பதிவைத் திருத்தாமல் விட்டால், மூடிய ஆலையில் இன்றும் பணியிலிருப்பவராகவே அவர் கணக்கில் ஏறுவார்.

தேடலை வேறிடத்தில் தொடங்கியோர் உண்டு. ஆஸ்திரியாவின் மரியந்தால் நெசவாலை மூடியபின் 1930-களின் தொடக்கத்தில் அங்கே சென்ற ஆய்வாளர்கள் ஊரின் 478 குடும்பங்களையும் கணக்கில் எடுத்தார்கள். 1993-இல் ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் மூவரும் பென்சில்வேனியா மாநில அரசின் ஊதியப் பதிவுகளைக் கொண்டு, நெடுநாள் பணியிலிருந்து நீக்கப்பட்டோர் ஆண்டுக்குச் சராசரியாக 25 விழுக்காடு வருவாய் இழந்ததைக் காட்டினர். வேலை இழந்தவர் தாமே ஒன்றை எழுதி வெளியிட்டாலொழிய அகப்படமாட்டார் என்ற நிலை இவ்விரண்டிலும் இல்லை.

நமக்கும் அத்தகைய ஒரு தொடக்கப் பட்டியலைத் திவால் சட்டமே தருகிறது. தொழிலாளரும் ஊழியரும் தமக்கு வரவேண்டிய நிலுவையை, திவால் நடைமுறையை நடத்தும் தீர்வு அலுவலரிடம் ‘டி’ படிவத்தில் கோரலாம். எல்லார் சார்பிலும் ஒரு பிரதிநிதி ‘இ’ படிவத்தில் கோரலாம். நிறுவனம் கலைக்கப்பட்டால், முந்தைய 24 மாதத் தொழிலாளர் நிலுவை பிணையுடன் கடன் கொடுத்தோருக்கு நிகரான இடம் பெறும். ஆகவே கோரிக்கை வைக்க ஃபிட்டருக்கும் காரணம் உண்டு, கணக்கருக்கும் உண்டு. அந்தப் பட்டியலிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொருவரின் வருங்கால வைப்புநிதிக் கணக்கு எங்கே தொடர்கிறது, எங்கே நிற்கிறது என்பதை அவரவர் இசைவோடு அறிந்தபின், இணையக் குறிப்பைத் துணைச் சான்றாகக் கொள்ளலாம். வைப்புநிதியை முழுதும் எடுத்துவிட்டவரின் தடம் அங்கும் அறும். அவரைத் தேடி ஊருக்குத்தான் போக வேண்டும். வெட்டுக்கூலிகளை மேஸ்திரிகளின் கணக்கேடு வழியாகவே அடைய முடியும். இது கடினமான வேலை என்பதை மறுக்கவில்லை.

விவசாயிகளின் தடம் இன்னும் வேறு. தங்கள் பெயரில் ஆலை வங்கிக் கடன் பெற்றது, அந்தக் கடன் தங்கள் தலையில் விழுந்துவிட்டது என்று முறையிட்டு 2022 நவம்பர் இறுதியில் அவர்கள் திருமண்டங்குடியில் தொடங்கிய போராட்டம் நூற்றுக்கணக்கான நாள்கள் நீண்டது. வங்கிப் பதிவில் நிலுவையாளராக நிற்பவருக்கு அடுத்த சம்பாவுக்குப் பயிர்க்கடன் கிடைப்பதே சந்தேகம். ஆலையில் ஒருநாளும் வேலை பார்க்காத இவரை எந்தப் பணிக்குறிப்பும் காட்டாது; ஆலையின் வீழ்ச்சியோ சிபில் கடன்தகுதி மதிப்பெண்ணாக ஆண்டுக்கணக்கில் அவரைத் தொடர்கிறது. திருமண்டங்குடியில் பாதிப்பை அளக்க முனையும் ஆய்வு, ஊழியர் என்ற வரையறையை இவர் வரை நீட்டிய பிறகே தன் மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.