தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி: நோய் எதிர்ப்பு மண்டலம் காத்ததும் தாக்கியதும்

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் வட்டாரத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம் நாய்க்கடி என்று சொல்லிப் பாருங்கள். ‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்பதே அவர் வாயிலிருந்து வரும் அடுத்த சொல்லாக இருக்கும். அந்த ஊசியின் தயாரிப்பு இந்தியாவில் 2004 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் மீதான அச்சம் இன்னும் நிற்கவில்லை.

அந்த ஊசி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. சிலருடைய கைகால்களை முடக்கவும் செய்தது. காத்ததற்கும் முடக்கியதற்கும் காரணம் ஒன்றே. அதுதான் நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம். அம்மண்டலம் எவ்வாறு இயங்குகிறது, அது பிழை செய்தால் என்ன நேரிடும் என்பதை இந்த ஊசியின் வரலாற்றின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

நோய் எதிர்ப்பு மண்டலம் இயங்கும் முறை

உடலின் பாதுகாப்பில் இரண்டு அடுக்குகள் உள்ளன. முதலாவது, பிறவியிலேயே அமைந்த பொதுவான பாதுகாப்பு. தோல், சளிச்சவ்வு, வயிற்றிலுள்ள அமிலம், கிருமிகளை விழுங்கும் இரத்த வெள்ளை அணுக்கள் ஆகியவை இதில் அடங்கும். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விலங்கியலாளர் நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் சிறு முள்ளைக் குத்தி வைத்தார். சில மணி நேரத்தில் அந்த முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கு செல்கள் பற்றிய ஆய்வு இங்கிருந்து தொடங்கியது.

இரண்டாவது, கற்றுக்கொள்ளும் பாதுகாப்பு. பி செல்கள், டி செல்கள் என்ற இருவகை வெள்ளை அணுக்கள் இதன் பொறுப்பாளர்கள். பி செல்கள் எதிர்ப்பொருள் என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் குறிப்பிட்ட அந்நியப் பொருளின் மேல் மட்டுமே பொருந்தும். டி செல்களில் சில, கிருமி புகுந்த செல்களை அழிக்கின்றன. வேறு சில, மற்ற செல்களுக்கு ஆணை இடுகின்றன. போர் முடிந்த பிறகும் ஒரு பகுதி செல்கள் அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை அதே கிருமி வந்தால் எதிர்ப்பு விரைவாக எழும். கிருமியால் நோய் வருவதற்கு முன்பே இந்த நினைவை உண்டாக்குவதுதான் தடுப்பூசியின் வேலை.

இரண்டு அடுக்குகளுக்கும் பொதுவான அடிப்படை ஒன்று உண்டு: ‘இது நான், இது அந்நியம்’ என்று இனம் காணுதல். இவ்விடத்தில் பிழை நேர்ந்தால் காவலனே வீட்டுக்காரனை அடிக்கத் தொடங்குவான்.

ரேபிஸ் கிருமியின் வழி

ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய் ஒரு வைரசால் வருவது. நோயுற்ற விலங்கின் உமிழ்நீர் வழியாகக் காயத்தில் நுழையும் இந்த வைரஸ், இரத்த ஓட்டத்தில் பயணம் செய்வதில்லை. நரம்பு வழியாக மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. நரம்புக்குள் மறைந்து செல்வதால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைச் சரியான நேரத்தில் கண்டுகொள்வதில்லை. மூளையை அடைந்து நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் ஏறக்குறைய எல்லோருக்கும் மரணம் நிச்சயம்.

ஆனால் இந்த மெதுவான பயணத்தில்தான் மனிதனுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. கடிபட்டதற்கும் நோய்க்குறி தோன்றுவதற்கும் இடையே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சில வேளைகளில் ஒரு வாரத்திலேயே தோன்றிவிடுவதும் உண்டு. அதற்குள் தடுப்பூசி மூலம் உடலுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டால், வைரஸ் மூளைக்குப் போகும் முன்பே எதிர்ப்பொருள்கள் அதை மடக்கிவிடும். கடித்த பிறகு போட்டாலும் இந்தத் தடுப்பூசி பயன் தருவதன் காரணம் இதுவே.

பாஸ்டர் முதல் குன்னூர் வரை

1885 ஜூலை 6 அன்று, நாய் கடித்த ஜோசஃப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பாரிசில் லூயி பாஸ்டரின் தடுப்பு மருந்து முதன்முறையாகச் செலுத்தப்பட்டது. ரேபிஸ் ஏற்றப்பட்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, அதிலிருந்து மருந்து தயாரித்திருந்தார் பாஸ்டர். வீரியம் குறைந்ததில் தொடங்கிப் படிப்படியாக வீரியம் கூடியது வரை மொத்தம் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான்.

இந்தியாவில் 1900ஆம் ஆண்டு கசௌலியில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. அது இமயமலை அடிவாரத்தில், இன்றைய இமாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. தெற்கே நாய் கடித்த ஒருவர் நாட்டின் மறுகோடிக்குப் பயணம் செய்தால்தான் மருந்து கிடைக்கும். 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். தென்னிந்தியாவுக்குத் தனி நிறுவனம் வேண்டும் என்ற கோரிக்கை அதன் பின் வலுப்பட்டது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் வழங்கிய நன்கொடையும் துணை நிற்க, 1907 ஏப்ரலில் நீலகிரி மாவட்டம் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899 முதலே ஓடிக்கொண்டிருந்ததால் நோயாளிகள் அங்கே போய்ச் சேர முடிந்தது. 1977இல் இந்நிறுவனம் இந்தியப் பாஸ்டர் நிறுவனம் என்ற பெயரில் தன்னாட்சி அமைப்பாக மாறியது.

செம்பிள் தடுப்பூசி

பாஸ்டரின் மருந்தைப் புதிதாகத் தயாரித்து உடனே பயன்படுத்த வேண்டும். ஊர் ஊராக அனுப்ப முடியாது. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் கசௌலி நிறுவனத்தின் முதல் இயக்குநர் டேவிட் செம்பிள். ரேபிஸ் வைரஸ் ஏற்றப்பட்ட விலங்கின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் வைரசைச் செயலிழக்கச் செய்யும் முறையை அவர் 1911இல் வெளியிட்டார். இந்தியாவில் இதற்கு ஆட்டின் மூளை பயன்பட்டது. செலவு குறைவு, தயாரிப்பும் எளிது. எல்லாவற்றுக்கும் மேலாக, புட்டியில் அடைத்து மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பலாம். கசௌலிக்கோ குன்னூருக்கோ போக வழியில்லாத ஏழைகளுக்கும் மருந்து கிடைத்தது இதனால்தான்.

தினம் ஒன்றாக 7 முதல் 14 நாள் வரை இந்த ஊசி போடப்பட்டது. ஒவ்வொரு முறையும் செலுத்த வேண்டிய மருந்தின் அளவு அதிகம், பெரியவர்களுக்கு 5 மில்லிலிட்டர் வரை. அவ்வளவு மருந்தைத் தோலுக்கடியில் செலுத்துவதற்கு இடம் தாராளமாக உள்ள பகுதி வயிறுதான். தொப்புளைச் சுற்றி இடம் மாற்றி மாற்றிக் குத்தியதன் காரணம் இதுவேயன்றி, தொப்புளுக்கும் நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தன்னையே தாக்கிய படை

இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் ஊசியிலிருந்து இரண்டு வாரங்களுக்குள், காய்ச்சலும் தலைவலியும் வந்தன. பின்னர் கால்கள் வலுவிழந்தன. சிலருக்குச் சிறுநீர் பிரியவில்லை. சிலர் முழுதும் குணமடைந்தனர், சிலர் ஊனத்தோடு வாழ்ந்தனர், சிலர் இறந்தனர். இது எவ்வளவு பேருக்கு நேர்ந்தது என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. சில நூறு பேரில் ஒருவர் என்பதிலிருந்து பல ஆயிரம் பேரில் ஒருவர் என்பது வரை பல கணக்குகள் உண்டு. பாஸ்டரின் மருந்து புழங்கிய காலத்திலேயே இத்தகைய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

ஊசியிலிருந்த வைரஸ்தான் காரணம் என்று முதலில் பலர் கருதினர். உண்மையான காரணத்தைக் காட்டியது நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்சும் அவருடைய துணைவர்களும் 1933, 1935 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் கிருமி எதுவும் இல்லாத முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினர். குரங்குகள் தள்ளாடின, கால்கள் தளர்ந்தன. நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்பு உறை அவற்றின் மூளையில் சிதைந்திருந்தது.

ஆட்டு மூளையிலும் மயலின் உண்டு, மனித மூளையிலும் உண்டு. இரண்டுக்கும் ஒற்றுமை மிகுதி. ஊசியில் வைரசோடு சேர்ந்து வந்த ஆட்டு மயலினையும் உடல் அந்நியமாகக் கருதி அதன் மேல் படை திரட்டியது. அந்தப் படை பிறகு சொந்த நரம்பின் உறையையும் எதிரி என்று எண்ணித் தாக்கியது. 1987இல் தாய்லாந்து ஆய்வாளர்கள், இவ்வாறு பாதிக்கப்பட்டவர்களின் உடலில் மயலினின் ஒரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டினர்.

உடல் தன்னையே தாக்கிக்கொள்ள அஞ்சும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூறியவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். 1908இல் மெச்னிகோவும் அவரும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அந்த அச்சத்தை மீறியும் தாக்குதல் நடக்கக்கூடும் என்பதை இன்று அறிவோம். முடக்குவாதம், முதல் வகை நீரிழிவு, லூபஸ் முதலிய தன்னுடல் தாக்கு நோய்கள் அப்படி வருபவையே. பொதுவாக இதைத் தடுக்க உடலில் இரண்டு காவல்கள் உண்டு. மார்புக்கூட்டில் உள்ள தைமஸ் சுரப்பியில், சொந்த உடலைத் தாக்கக்கூடிய டி செல்களில் பெரும்பாலானவை வளரும்போதே அழிக்கப்படுகின்றன. தப்பிவிடுபவற்றை அடக்கி வைக்க, கட்டுப்படுத்தும் டி செல்கள் என்ற தனிப் பிரிவு இருக்கிறது. இதைக் குறித்த கண்டுபிடிப்புகளுக்காகவே மேரி புருங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வேறு இரு பிழைகள்

தன்னைத் தாக்குவது ஒரு வகைப் பிழை. மற்ற இரண்டு, மிகையும் குறையும் ஆகும்.

மிகை என்பது ஒவ்வாமை. கடும் நாய்க்கடிக்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்கள் கொடுக்கப்படுவதுண்டு. குதிரைப் புரதத்தை உடல் அளவுக்கு மீறி எதிர்த்தால் தடிப்பு, மூட்டுவலி, அரிதாக உயிருக்கு ஆபத்தான அதிர்ச்சி நிலை ஆகியவை ஏற்படலாம். அதிர்ச்சி நிலையை 1902இல் பால் போர்ட்டியேவுடன் சேர்ந்து விளக்கிய சார்ல் ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

குறை என்பது படையே இல்லாமற்போவது. எச்.ஐ.வி. வைரஸ், ஆணையிடும் டி செல்களையே அழிக்கிறது. இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இத்தகைய குறைபாடு உள்ளவர்களுக்குத் தடுப்பூசி மட்டும் போட்டால் போதிய எதிர்ப்பு உண்டாகாமல் போகலாம். எனவே விலங்கு கடித்தால் அவர்கள் தங்கள் நிலையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூளையில்லாத ஊசி

காரணம் தெரிந்த பிறகு தீர்வும் தெளிவாயிற்று. வைரசை மூளைத் திசுவில் வளர்க்கக் கூடாது. அமெரிக்காவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹிலாரி கொப்ரோவ்ஸ்கி, டடியூஸ் விக்டர் ஆகியோர் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதச் செல்களில் வைரசைப் பெருக்கித் தடுப்பூசி உருவாக்கினர். வெறிபிடித்த ஓநாய்களும் நாய்களும் கடித்த 45 பேருக்கு ஈரானில் அது போடப்பட்டது. அனைவரும் பிழைத்த செய்தி 1976இல் வெளியானது. பின்னர் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட வீரோ செல்களிலும், கோழிக் கருவின் செல்களிலும் மலிவான தடுப்பூசிகள் வந்தன. குன்னூர் நிறுவனமும் ஆட்டு மூளையை விட்டு வீரோ செல்லுக்கு மாறியது.

ஆபத்து தெரிந்தும் பழைய ஊசி 2004 வரை ஏன் நீடித்தது என்று மாணவர்கள் கேட்கலாம். புதிய ஊசியின் விலை அதிகம். நாய்க்கடிக்கு ஆளாவோரில் பெரும்பாலானோர் ஏழைகள். ஊசியே போடாவிட்டால் ரேபிஸ், போட்டால் சிலருக்கு முடக்கம் என்ற நிலையில், சிறிய தீங்கை ஏற்றுக்கொண்டே அரசு மருத்துவமனைகள் இயங்கின. செல்களில் வளர்த்த மருந்தை 0.1 மில்லிலிட்டர் அளவில் தோலுக்குள் செலுத்தும் முறை வந்து செலவைக் குறைத்தது.

இன்றைய நிலை

இன்று தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களில் ஐந்து ஊசிகள். தோலுக்குள் போடுவதானால் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் இரு இடங்களில். எல்லாம் பெரும்பாலும் கையில்தான். ஆழமான கடி என்றால் காயத்தில் எதிர்ப்பொருள் மருந்தும் செலுத்தப்படும். உடல் தானே எதிர்ப்பொருளை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், அதுவரை இந்த இரவல் படை காவல் நிற்கும்.

இக்கட்டுரையாளர் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், சாரல் பருவத்தில் குற்றாலம் போய் வந்த ஒரு மாணவன் இரண்டு நாள் முழுக்கைச் சட்டையை மடக்காமலேயே வகுப்பில் இருந்தான். அருவிக்கரையில் குரங்கு கடித்திருந்தது. கேட்டபோது, “சார், வயித்தச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களாம், ஆச்சி சொல்லுச்சு” என்று அழுதான். அரசு மருத்துவமனையில் கையில் ஊசி போட்டார்கள். அவன் பிழைத்தான். ஆச்சி பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது பழைய உண்மை, அவ்வளவுதான்.

நாயோ குரங்கோ பூனையோ கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மந்திரிப்பதும் மிளகாய்ப்பொடி வைப்பதும் வைரசைத் தடுக்காது. நம் உடலின் படை கற்றுக்கொள்ளக் கூடியது. கற்றுக்கொடுக்கத் தாமதித்தால் மட்டுமே அது தோற்கிறது.