ஊத்துக்குளிக் கல் கடல் தாண்டிய கதை

சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் பெண்ணைச் சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்த வீடுகள் நாலைந்து உண்டு. விடுமுறைக்கு வந்த பெண் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த வீட்டில் தூக்குத் தராசு வந்துவிடும். டேபிள் டாப் கிரைண்டரை நிறுத்துப் பார்க்கத்தான்.

அதன் கல் ஊத்துக்குளி வட்டாரத்துக் கருங்கல். வெண்ணெய்க்குப் பேர்போன அதே ஊத்துக்குளி. கொத்தி உருட்டிய கல்லுக்குக் கோவைப் பட்டறைகளில் டிரம்மும் மோட்டாரும் சேரும். 1955-இல் பி. சபாபதி தொடங்கி வைத்த தொழில் என்பார்கள். ஆட்டாங்கல்லில் கல் அசையாது, குழவிதான் சுற்றும்; கிரைண்டரில் டிரம் சுற்ற, குழவி இருந்த இடத்திலேயே உருளும். இந்தத் தலைகீழ் மாற்றத்தால்தான் நம் பெண்களின் தோள்பட்டை பிழைத்தது. இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

கோவையிலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் சுமார் 3,160 கிலோமீட்டர். நேர் விமானத்தில் நாலு, நாலரை மணி நேரம். இட்லி அரிசி ஊறும் நேரம்தான். அங்கே கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடுவதால், நள்ளிரவு 12 மணிக்கு ஏறினால் இறங்கும்போது அங்கே விடிந்து காலை 7 மணி ஆகியிருக்கும். 1985-இல் தீப்பிடிக்கும் வரை 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் போனவர்களுக்கு இதே பயணம் நாள்கணக்கு.

ஆனால் கிரைண்டருக்குக் கிலோமீட்டர் ஒரு பொருட்டில்லை, கிலோதான் கணக்கு. அதுவே பத்துப் பன்னிரண்டு கிலோ. டிக்கெட்டோடு வாங்கிய எடையில் பாதியை விழுங்கிவிடும். அதனால் டிரம்முக்குள் காலி இடம் விடுவதில்லை. பருத்திச் சேலையில் சுற்றிய குழவி, அதன் இடுக்கில் பருப்புப் பொடி, மேலே குழந்தையின் கவுன். "கல்லு ஆடப்படாது கண்ணு, ஆடினா டிரம் நெளிஞ்சு போயிரும்" என்று அம்மா ஒரு துண்டைத் திணிப்பார்.

விமான நிலையத்துக்குச் சிங்காநல்லூரிலிருந்து காமராஜர் சாலை வழியே ஹோப்ஸ் நிறுத்தம், பிறகு அவிநாசி சாலையில் சித்ரா நிறுத்தம். 1940-இல் தொடங்கிய விமான நிலையம் வீட்டுக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும் மூன்று மணி நேரம் முன்னதாகவே கிளம்பியாக வேண்டும். கவுண்டரில் எடை கூடிவிட்டால் அங்கேயே பெட்டியைப் பிரிப்பார்கள். அரிசி வெளியே வரும், முறுக்கு வெளியே வரும். கிரைண்டர் வந்து நான் பார்த்ததில்லை.

சிங்கப்பூரிலும் நம்மூரைப் போல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பட்டை முள் பிளக்குக்கு ஒரு அடாப்டர் மாட்டினால் மாவு ஆடிவிடும். அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறவர்கள் மட்டும் கடையிலேயே 110 வோல்ட் மோட்டார் என்று கேட்டு வாங்குங்கள்.