பெருவழிக் காவலும் நஷ்டத்தின் பொறுப்பும்

வீட்டை விட்டுப் பிரயாணம் புறப்படுபவன் அதற்கு ஒரு காவலாளை அமர்த்திவிட்டு நிம்மதியாகப் போகலாம். வீட்டையே வண்டியில் அமைத்துக்கொண்டு புறப்படுபவனோ, தன் குடும்பத்தையும் உடைமைகளையும் இரவுதோறும் முன்பின் அறியாத இடத்தில் நிறுத்திவைக்க வேண்டியவனாகிறான். படுக்கையும் அடுப்பும் பொருந்திய மோட்டார் வண்டிகளில் தேசம் சுற்றும் வழக்கம் இக்காலத்தில் பரவிவருவதால், அவற்றைக் கள்வரிடமிருந்து காப்பது எவ்வாறு என்ற ஆலோசனையும் கூடவே வளர்ந்திருக்கிறது. பூட்டையும் அபாயமணியையும் பற்றிய அவ்வாலோசனைகள் களவு நேராமல் தடுப்பதைப் பேசுமேயன்றி, நேர்ந்துவிட்டால் அந்த நஷ்டம் யாரைச் சேரும் என்பதைப் பேசுவது அரிது. தமிழ்நாட்டில் வழிக்காவலின் சரித்திரமோ பெரும்பாலும் இவ்விரண்டாவது வினாவின் சரித்திரமாகவே இருந்திருக்கிறது.

சக்கரத்தின்மேல் நடக்கும் குடித்தனம் தமிழருக்குப் புதிதன்று. கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்ற உமணர்கள், மனைவி மக்களோடு மாதக்கணக்கில் வண்டியிலேயே வாழ்ந்தவர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அவ்வண்டி ஒன்றை அருகில் நின்று பார்த்தவர்போல வருணிக்கிறார். கூரை வேய்ந்த வண்டியின் வாயிலில் கோழிகள் அடையும் கூடு இருக்கிறது. நடுவே துளையுடைய சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. கூத்தாடும் மகளிரின் வாத்தியத்தை வாரினால் இறுக்கிக் கட்டுவதுபோலக் கயிற்றால் பிணித்த காடிப்பானை முன்புறத்தில் அசைகிறது. கையில் குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்ட, ஆடவர்கள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். நெடுவழியில் அச்சு முறிந்தால் குடும்பமே நடுக்காட்டில் நிற்க நேருமென்பதால், வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்றனர் என்பது, புறநானூற்றில் ஔவையார் அதனை ஓர் அரசகுமாரனுக்கு உவமையாக்கியதனால் நமக்குத் தெரியவருகிறது.

அச்சு முறிவதைவிடப் பெரிய அபாயம் ஆறலைகள்வரால் நேர்ந்தது. பாலைத்திணைப் பாடல்களில் வழிப்போக்கரை அம்பெய்து வீழ்த்திப் பொருள் பறிப்பவர்களும், மாண்டவர்மேல் குவித்த கற்பதுக்கைகளும் மீண்டும் மீண்டும் வருகின்றன. இதனாலேயே உமணர் தனித்துச் செல்லாமல் சாத்தாகக் கூடிச் சென்றனர்; அச்சாத்து கடந்து சென்றபின் அது விட்டுப்போன அடுப்புக்கற்களில் வில்லேந்திய மழவர் இறைச்சி சமைத்ததாக அகநானூற்றுப் பாடல் ஒன்று கூறுவதை நோக்கும்போது, வணிகனும் வில்லாளியும் ஒரே பாதையில் எவ்வளவு நெருங்கித் திரிந்தனர் என்பது விளங்கும். பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப்பொதி சுமந்த கழுதைகளை ஓட்டிச் சென்ற வணிகரும் பாதத்தை மறைக்கும் செருப்பும் மெய்யை மறைக்கும் சட்டையும் அணிந்து, இடைக்கச்சில் வாளைச் செருகியவராய், அம்புபட்ட தழும்புடைய மார்போடு காட்சி தருகின்றனர். ஆயினும் ஆற்றுப்படைப் புலவர் அவர்களுடைய வாளை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. சுங்கம் வாங்கும் பெருவழியின் கவர்வழிகளில் வில்வீரர் காவல் இருந்ததையும், இளந்திரையன் நாட்டில் வழிப்பறி இல்லாமையையும் சேர்த்தே சொல்கிறார். சுங்கத்தையும் காவலையும் ஒருங்கே வைத்த அவ்வமைப்பில், வழிப்போக்கனிடம் பொருள் வாங்கியவன் அவனுடைய சேமத்துக்குக் கடமைப்பட்டவன் என்னும் தர்மத்தின் முளையைக் காணலாம்.

இடைக்காலத்தில் வணிகர் குழுக்கள் அக்கடமையில் ஒரு பங்கைத் தாமே ஏற்றுக்கொண்டன. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலியோர் தமக்கென வீரர்களை வைத்திருந்ததையும், அவ்வீரரோடு தொடர்புடைய வணிகத் தலங்கள் எறிவீரபட்டினம் எனப் பெயர் பெற்றதையும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. சாத்து இரவில் இறங்கித் தங்கும் இடம் தாவளம் எனப்பட்டது. தர்மபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு வழிக்கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்திலும் எண்ணிலும் பொறித்ததோடு, எழுத்தறியாதவனும் தடவிப் பார்த்து அறியுமாறு இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் தாங்கி நிற்கிறது. இரவில் பாதுகாப்பாக வண்டியை அவிழ்த்துவிடும் இடம் இன்னும் எவ்வளவு தூரம் என்பதே வழிப்போக்கன் அறியவேண்டிய முதல் செய்தி என்பதை அக்கல்லை நட்டவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

கிராமங்களின் பக்கத்தில் இதே கடமை பாடிகாவல் என்னும் பெயரில் வளர்ந்தது. சோழர்காலச் சாசனங்களில் வரியாக வரும் இப்பாடிகாவல், அவ்வாட்சி தளர்ந்த காலத்தில் விற்கவும் வாங்கவும் கூடிய உரிமையாகி, புதுக்கோட்டைப் பகுதியில் ஊரார் தங்கள் பாடிகாவலை அரையர் என்னும் தலைவர்களுக்கு விலைக்கு விற்றுக் கல்லில் பொறித்துக் கொடுக்கும் நிலைக்கு வந்தது. பிற்காலத்துத் திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமத்தளவில் நிகழ்ந்த காவல் ஸ்தலகாவல் என்றும், பல கிராமங்களையும் அவற்றினிடையே செல்லும் சாலைகளையும் தழுவிய காவல் தேசகாவல் என்றும் வழங்கின. பின்னதைப் பெரும்பாலும் பாளையக்காரர் தமதாக்கிக்கொண்டனர். குடிகள் தானியமாகவும் பணமாகவும் காவற்கூலி கொடுத்தனர். அதற்குப் பிரதியாகக் காவற்காரன் ஏற்ற கடமை, களவுபோன பொருளை மீட்டுத் தருவது. மீட்க இயலாவிடில் அதன் கிரயத்தைத் தன் கையிலிருந்து கொடுப்பது. இந்தியாவின் பல பிரதேசங்களில் கள்வனுடைய அடிச்சுவட்டை ஊரெல்லை வரையில் பின்பற்றிச் சென்று, சுவடு நுழைந்த அடுத்த ஊரின் காவலரிடம் அப்பொறுப்பை ஒப்படைக்கும் வழக்கமும் இருந்தது. எல்லையைத் தாண்டிச் சுவடு செல்கிறது என்று காட்டமுடியாத ஊர், நஷ்டத்தைத் தானே சுமக்க நேர்ந்தது.

இம்முறையைப் பொற்காலமாக எண்ணி மயங்குவது தவறு. நஷ்டத்துக்கு ஈடுசெய்யும் வல்லமை உடையவன் நஷ்டத்தை விளைவிக்கும் வல்லமையும் உடையவனாக இருந்தான். காவற்கூலி கொடாத வீட்டில் களவு நிகழ்வதும், காணாமற்போன மாடு துப்புக்கூலி என்னும் தரகு கைமாறியவுடன் ஏதோ ஓரிடத்தில் கட்டிய நிலையில் தென்படுவதும், மதுரைச் சீமையில் சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில் சாதாரணமாகப் பேசப்பட்ட விஷயங்கள். 1896இல் திண்டுக்கல் வட்டாரத்துக் கிராமத்தார் ஒன்றுகூடி நிதி திரட்டி இக்காவலை மறுத்து எழுந்தமைக்கு இக்கசப்பே காரணம்.

இதற்கு வெகுமுன்பே, 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, பாளையக்காரரின் தேசகாவலும் உடன் ஒழிந்தது. திருநெல்வேலியில் கலெக்டராயிருந்த லஷிங்டன் அதைக் குடிகளை வருத்தும் கொடுமை என்றே கண்டித்தார். அவர் கூற்றில் உண்மை உண்டு, அதனோடு பாளையக்காரரை நிராயுதராக்க வேண்டிய கம்பெனியின் சுயநலமும் உண்டு. 1816ஆம் ஆண்டுச் சட்டம் கிராமக்காவலை மணியக்காரனுக்கும் தலையாரிக்கும் உரியதாக்கிற்று. 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் பிறந்தது. புதிய போலீஸார் களவைப் பதிந்து புலன் விசாரிக்கவும் கள்வனை நியாயஸ்தலத்தில் நிறுத்தவும் கடமைப்பட்டவர்கள்; அகப்படாத பொருளுக்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர்களல்லர். காவலையே ஜீவனமாகக் கொண்ட பரம்பரைகள் தொழிலையும் மானியத்தையும் இழந்ததோடு நிற்கவில்லை. 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் அவர்களுள் பலர் பிறப்பினாலேயே குற்றவாளிகளாக முத்திரை குத்தப்பட்டு, 1947இல் இம்மாகாணத்தில் அச்சட்டம் நீங்கும்வரை, இரவில் தம் வீட்டில் உறங்கவும் சுதந்தரமின்றி வருந்தினார்கள். நேற்று ஊராரின் களவுக்கு ஜவாப்தாரியாயிருந்தவன் இன்று எல்லாக் களவுக்கும் சந்தேகத்துக்குரியவனானான்.

காவற்காரன் நீங்கிய இடத்தில் பூட்டு வந்து தொங்கியது. காவற்கூலியை மறுத்த அதே திண்டுக்கல்லில் இரும்புப் பூட்டுத்தொழில் பேர்பெற்று விளங்கியது. கையாலேயே ராவித் திறவுகோலுக்கேற்பப் பொருத்தும் மாங்காய்ப்பூட்டு முதலியவை ஊர் கடந்து புகழ்பெற்று, 2019இல் புவிசார் குறியீடும் அடைந்தன. எத்துணை நேர்த்தியான பூட்டும் உடைந்தபின் ஒரு வாக்குறுதியும் தருவதில்லை. வண்டிகளைப் பொறுத்தவரை அவ்வாக்குறுதியை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏற்றிருக்கின்றன. ஆண்டுதோறும் கட்டும் பிரீமியம் பழைய காவற்கூலியின் வாரிசு என்றே சொல்லலாம். ஆனால் ஈட்டை நாடிச் செல்பவனிடம் போலீஸ் பதிவு எங்கே, திறவுகோல் எங்கே, வண்டியைப் பூட்டித்தான் வைத்திருந்தாயா என்று கேட்கும் உரிமையை இவ்வாரிசு தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டமும் வண்டியால் பிறருக்கு விளையும் தீங்குக்குரிய இன்ஷூரன்ஸை மட்டுமே கட்டாயமாக்கி, வண்டியே களவுபோவதற்குரியதை உடையவனின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. உமணனுக்கு உடன் வந்த சாத்து இருந்தது. பிற்கால வண்டிக்காரனுக்கு, நல்லவனோ கெட்டவனோ, வாசலில் போய் நின்று கேட்கத்தக்க ஒரு காவற்காரன் இருந்தான். இன்று வீட்டு வண்டியை ஓட்டிச் செல்பவன் காவலன், கணக்கன், சாட்சி ஆகிய மூவரின் வேலையையும் தானே பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய காவலின் கொடுமை தொலைந்தது நன்றே. அதோடு பொறுப்பையும் தொலைத்துவிட்டோம் என்பதைக் களவு கொடுத்தவன் மட்டுமே அறிகிறான்.